செங்கோட்டைக் கணவாயைப் புலி எப்படித் தாண்டும்? அடிக்கடி கேக்குற கேள்விகள்

நான் புளியரைக்காரன், செங்கோட்டைக்கு மேக்க கேரள எல்லையோரத்து ஊரு. காட்டுல ஆராய்ச்சி பண்ண வாற பசங்களுக்கு வழி காட்ட, கேமரா கட்ட, அரிசி பருப்பு சுமக்கன்னு வருஷக்கணக்கா கூடப் போய்ட்டு வாறேன். பெரிய படிப்பெல்லாம் இல்ல, ஆனா ராத்திரி கஞ்சியக் குடிச்சிட்டு அவங்க பேசுறதக் கேட்டுக் கேட்டு பாதி சங்கதி மண்டைல ஏறிருச்சு. இப்ப டீக்கடைல போய் உக்காந்தா ஆளாளுக்கு புலியப் பத்தி அதே கேள்வியத்தான் கேக்காங்க, அதுவும் டிவில ஏதாச்சும் வந்துட்டா அன்னைக்கு டீ ஆறித்தான் போவும். அதான் எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வச்சிட்டேன், இனிமே கேக்குறவங்களுக்கு இதையே அனுப்பிரலாம்ல.

ஆரியங்காவுல புலி இறங்கிருச்சுன்னு மலையாளச் சேனல்ல ஓடுதே, நம்ம பக்கமும் வந்துருமா?

முதல்ல எந்தப் புலின்னு பாருங்க அண்ணாச்சி. மலையாளத்துல புலின்னா அது நம்ம சிறுத்தை. நாம புலின்னு சொல்றத அவங்க கடுவான்னு சொல்லுவாங்க. இந்த ஒரு வார்த்தையால எல்லையில எத்தன பீதி கிளம்பிருக்கு தெரியுமா. அங்க "புலி எறங்கி"ன்னு நியூஸ் போட்டா, இங்க வாட்சப்புல வரிப்புலி படத்த ஒட்டி ஃபார்வர்டு பண்ணிருதாங்க. நம்ம ஆளுங்க மட்டும் ஒழுங்கான்னு கேட்டா அதுவும் இல்ல, பேப்பர்ல சிறுத்தைப்புலின்னு போடுவான், படிக்கிறவன் கடைசி ரெண்டெழுத்த மட்டும் படிச்சிட்டு ஓடுவான்.

எஸ்டேட்டு ஓரம், ரப்பர்த் தோட்டம், வீட்டு நாயத் தூக்கிட்டுப் போற ஆளு, இதெல்லாம் பெரும்பாலும் சிறுத்தைதான். வரிப்புலி நம்ம கண்ணுல படுறதே அபூர்வம், அபூர்வமா ஆயிப்போச்சேங்குறதுதான் இந்தப் பக்கம் முழுக்க நான் பேசப் போற விஷயமே.

நம்ம கணவாய்ல அப்படி என்ன விசேஷம்? மலை முழுக்கக் காடாத்தான கிடக்கு?

பாத்தா அப்படித்தான் இருக்கும். மேற்குத் தொடர்ச்சி மலை சுமார் 1,600 கிலோமீட்டர் நீளம், தெக்குப் பக்கம் அது ரெண்டு இடத்துல அறுந்து கிடக்கு. பெரிய அறுப்பு பாலக்காட்டுக் கணவாய், முப்பது நாப்பது கிலோமீட்டர் அகலம், ஊரும் வயலும் ஃபேக்டரியுமா இருக்கு, அத ஒரு புலி நடந்து கடக்கும்னு எனக்கு நம்பிக்கை இல்ல. சின்ன அறுப்பு நம்மளோடது. இது சில கிலோமீட்டர்தான், நடுவுல காடும் தேக்குத் தோட்டமும் எஸ்டேட்டுமா இன்னும் ஒட்டிக்கிட்டுத்தான் இருக்கு. ஒட்டிக்கிட்டு இருக்குற வரைக்கும்தான் பேச்சே.

வடக்க பாத்தா அச்சன்கோவில், கோன்னி, ராந்நி காடுக, அப்படியே பெரியாறு புலிகள் காப்பகம் 925 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டுச் சரிவுல 2015ல அறிவிச்ச நெல்லை வனவிலங்குச் சரணாலயம், அதுக்கு மேல 2021ல வந்த ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம். தெக்க பாத்தா செந்துருணி சரணாலயம் (செங்குறிஞ்சி மரத்தோட பேருதான் அது), அகத்தியமலை, அப்புறம் 1988ல அறிவிச்ச களக்காடு முண்டந்துறை, தமிழ்நாட்டோட முதல் புலிகள் காப்பகம். இந்த ரெண்டு பெரிய துண்டுக்கும் நடுவுல தையல் போட்ட இடந்தான் நம்ம ஊரு. தேசிய நெடுஞ்சாலை 744, கொல்லம் ரயில் லைன், செக்போஸ்ட்டு, பரோட்டாக் கடை எல்லாம் அந்தத் தையல் மேலதான் உக்காந்திருக்கு.

பெரியாறு பக்கம் இருக்குற அளவுக்குப் புலி களக்காட்டுப் பக்கம் கிடையாது. தெக்கத்தி துண்டுக்குப் புதுசா ஒரு புலி வரணும்னா வடக்க இருந்துதான் வந்தாவணும். தெக்க போனா மகேந்திரகிரி, ஆரல்வாய்மொழி, அதுக்கப்புறம் கடல்தான். அங்கருந்து யாரு வரப்போறா.

ஒரு புலிக்கு எவ்ளோ எடம் வேணும்?

இரைய பொறுத்தது. மானும் காட்டுமாடும் நெறைஞ்ச நாகரஹொளே மாதிரி எடத்துல பொட்டப்புலிக்கு இருவது சதுர கிலோமீட்டர் பக்கம் போதும், கடுவன் (ஆண்புலி) ரெண்டு மூணு பொட்டையோட எடத்தச் சேத்து வளைச்சு வச்சிருக்கும். ரஷ்யாவுல பனிக்காட்டுல ஒரு பொட்டைக்கே நானூறு சதுர கிலோமீட்டர் தேவைப்படும், அங்க இரை அவ்ளோ கம்மி. நம்ம மழைக்காடு பாக்க பச்சைப்பசேல்னு இருந்தாலும் இரை திறந்தவெளிக் காட்டுல கெடைக்கிற மாதிரி அடர்த்தியா இருக்காது, புல்வெளி கம்மியாச்சே.

கணக்கு இப்படி வச்சுக்கோங்க. ஒரு புலி வாரத்துக்கு ஒண்ணு, வருஷத்துக்கு அம்பது பெரிய உருப்படி அடிக்கும். அம்பத எடுத்தாலும் கூட்டம் குறையாம இருக்கணும்னா ஐநூறு மிளா, மான், பன்னின்னு அந்த எடத்துல மேயணும். மிளாக் கறிக்கு ஆசப்பட்டு கண்ணி வைக்கிறவன் புலியத் தொடவே இல்லன்னாலும் புலிய வெரட்டிருதான், அவ்ளோதான்.

அது அதுபாட்டுக்கு அந்தந்தக் காட்டுல இருந்துட்டுப் போட்டும், ஏன் இணைக்கணும்?

குட்டி ஒண்ணரை ரெண்டு வயசானதும் தாய விட்டுப் பிரியும். பொட்டக்குட்டி முடிஞ்சா தாய்க்குப் பக்கத்துலயே எடம் புடிக்கும், கடுவன் குட்டிய அங்க இருக்குற பெரிய கடுவன் விட்டு வைக்காது, கிளம்பித்தான் ஆவணும். மஹாராஷ்ட்ரால திபேஷ்வர் காட்டுல இருந்து ரேடியோ காலர் மாட்டுன ஒரு இளங்கடுவன் 2019ல கிளம்பி, தெலங்கானா வரைக்கும் போய்த் திரும்பி, ஒம்போது மாசத்துல 3,000 கிலோமீட்டருக்கு மேல நடந்து ஞானகங்கா சரணாலயத்துல போய் நின்னுச்சு. வயக்காடு, ரோடு, ஊருன்னு எல்லாத்தையும் தாண்டிப் போயி கடைசில அங்க ஒரு பொட்டப்புலி கூட இல்ல பாவம்.

இப்படிக் கிளம்புறதுக்கு வழி அடைபட்டா ரெண்டு கூத்து நடக்கும். ஒண்ணு, ஊருக்குள்ள வந்து மாட்டிக்கிடும். இன்னொண்ணு மெதுவா நடக்குறது, வெளிய தெரியவே தெரியாது. உள்ளுக்குள்ளேயே சொந்தத்துல சேந்து சேந்து ரத்தம் கெட்டுப் போவும். ஒடிசால சிமிலிபால்னு ஒரு காடு, அங்க வரியெல்லாம் தடிச்சு ஒண்ணோட ஒண்ணு ஓடி கருப்பாத் தெரியிற புலி இருக்கு, எல்லாரும் ஆகா அதிசயம்னு போட்டோ போடுறாங்க. பெங்களூர்ல இருக்குற என்சிபிஎஸ்னு உயிரியல் ஆராய்ச்சி நிலையத்து ஆளுக 2021ல வெளியிட்ட ஆராய்ச்சில, ஒரே ஒரு ஜீன் மாறினதால வந்தது இது, மத்த காட்டோட தொடர்பில்லாம சின்னக் கூட்டமா தனிச்சுக் கிடக்குறதாலதான் அங்க இவ்ளோ பரவிருக்குன்னு சொன்னாங்க. கருப்பு நிறத்தால அதுக்குக் கெடுதல்னு யாரும் சொல்லல, ஆனா வெளிய தெரியிற நெறமே இப்படி மாறிருக்குன்னா தெரியாம எதெல்லாம் மாறிக் கிடக்கோ.

அமெரிக்காவுல ஃப்ளோரிடால பூமான்னு ஒரு பூனை வம்சம், முப்பதுக்கும் கீழ போய்ருச்சு. வால் நுனி மடங்கி, இருதயத்துல ஓட்டையோட குட்டிக பொறந்துச்சு. 1995ல டெக்ஸாஸ்ல இருந்து எட்டு பொட்டையக் கொண்டாந்து விட்டாங்க, அப்புறந்தான் கூட்டம் நிமிந்துச்சு. நம்ம சரிஸ்கால கள்ள வேட்டைல ஒரு புலி கூட மிச்சமில்லாம போச்சு, 2008ல ரந்தம்போர்ல இருந்து ஹெலிகாப்டர்ல தூக்கிட்டுப் போய் விட்டாங்க. நடந்து வர வழி இருந்தா சோத்துக்கும் காசில்லாம அது பாட்டுக்கு வந்திருக்கும்.

நல்ல சேதி என்னன்னா, ரத்தம் கெடாம இருக்க நெறைய வரத்து தேவையில்ல. ஒரு தலமொறைக்கு ஒண்ணு ரெண்டு வெளிப்புலி வந்து குட்டி போட்டாலே பெரிய உதவின்னு படிச்சவங்க சொல்லுதாங்க. அதாவது நம்ம ஊரு வழியா தெனம் புலி நடக்கணும்னு யாரும் கேக்கல, எப்பவோ ஒரு ராத்திரி ஒரு கடுவன் வந்தா அது போறதுக்கு வழி தொறந்து இருக்கணும். தங்க எடம் வேற, தாண்ட வழி வேற. இந்த ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கிட்டுத்தான் ஊர்ல பாதிச் சண்டை.

ஒரு திருத்தம், இத ஒரு ஆராய்ச்சிப் பொண்ணுதான் என்கிட்ட சொல்லுச்சு. ரத்தத்துக்கு கடுவன் போனா போதும், ஆனா புலியே இல்லாம போன காட்டுல திரும்பப் புலி வரணும்னா பொட்ட போயாவணும், பொட்ட ரொம்ப தூரம் போவாது. அதனால வழில அங்கங்க குட்டி போட்டுத் தங்குற மாதிரி, இரை இருக்குற அமைதியான காடு கொஞ்சம் மிச்சம் இருக்கணும். அச்சன்கோவில் காடெல்லாம் அந்த வேலையத்தான் செய்யணும்.

காரிடார்னா என்ன, கோடு போட்ட பாதையா? அத எப்படிக் கண்டுபிடிக்காங்க?

காரிடார்னா ரெண்டு காட்டுக்கு நடுவுல மிருகம் போய்வர்ற இணைப்பு எடம். மேப்புல பாத்தா கோடுதான். தரைல கோடெல்லாம் கிடையாது. 2014ல தேசியப் புலிகள் காப்பு ஆணையமும் டேராடூன் காட்டுயிர் நிறுவனமும் சேந்து நாடு முழுக்க 32 பெரிய காரிடார அடையாளம் காட்டி அறிக்கை போட்டாங்க, அதுல களக்காடு முண்டந்துறை - பெரியாறும் ஒண்ணு. நம்ம டீக்கடை அதுக்குள்ளதான் வருதுன்னு சொன்னா மாஸ்டர் நம்ப மாட்டேங்குதாரு.

கண்டுபிடிக்கிற விதம் இப்படி. மொதல்ல மேப்பக் கட்டம் கட்டமாப் பிரிச்சுருவாங்க. ஒவ்வொரு கட்டத்துக்கும் இதத் தாண்ட புலிக்கு எவ்ளோ செரமம்னு ஒரு மார்க்கு. அடர்ந்த காடுன்னா செரமம் கம்மி, தேக்கு ரப்பர்னா கொஞ்சம் கூட, வீடு இருக்குற எடம்னா ரொம்பக் கூட, ராத்திரி பூரா லாரி ஓடுற ரோடுன்னா அதவிடக் கூட. அப்புறம் இந்தக் காட்டுல இருந்து அந்தக் காட்டுக்கு மொத்தச் செரமம் எதுல கம்மின்னு கம்ப்யூட்டர் பாத்துச் சொல்லும். நாம தென்காசில இருந்து புனலூர் போக ஃபோன்ல வழி பாக்குறமே, அதே கதைதான். ஆனா புலிகிட்ட ஃபோன் இல்ல, ஷார்ட் ரூட் எதுன்னு அதுக்குத் தெரியாது.

அதனால இன்னொரு முறையும் வச்சிருக்காங்க, கரண்டு ஓடுற கணக்க காட்டுக்குப் போடுறது, சர்க்யூட் தியரின்னு பேரு. பிராட் மெக்ரேன்னு ஒரு அமெரிக்க ஆராய்ச்சியாளர் கொண்டாந்தது. சாரல் சீசன்ல குத்தாலத்துல கூட்டம் எப்படிப் போவுதுன்னு பாருங்க. பஸ் ஸ்டாண்டுல இருந்து மெயின் அருவிக்கு பல சந்து இருக்கு, அகலமான எடத்துல ஆளுக பரவி நடப்பாங்க, எல்லாச் சந்தும் ஒரே வாசல்ல வந்து சேர்ற எடத்துல நெரிசல் ஆவும். மேப்புல அந்த நெரிசல் எடத்தக் கண்டுபிடிச்சாச்சுன்னா எங்க காவல் வேணும்னு தெரிஞ்சிரும், ஏன்னா அந்த ஒரு சந்துல ஒருத்தன் கடை போட்டா மொத்தக் கூட்டமும் நின்னுரும். நம்ம கணவாய் அந்த நெரிசல் எடம்.

ஆனா கம்ப்யூட்டர் சொன்னதோட நிக்கக் கூடாது, கால்ல நடந்து பாக்கணும். மேப்புல பச்சையா இருக்கும், போய்ப் பாத்தா மண்ண வெட்டி ரெண்டாளு உசரத்துக்குச் செவுரு கட்டிருப்பான். கேமரா கட்டணும், எச்சம் பொறுக்கி ஜீன் பாக்கணும், அந்த எச்சப் பை சுமந்த தோளு இதுதான். கூடவே காணிக்காரங்க, அச்சன்கோவில் பக்கம் மலைப்பண்டாரம்னு பழங்குடி ஆளுக, எஸ்டேட்டு வாட்சருக இவங்ககிட்டயும் உக்காந்து கேக்கணும், மிளா எந்த மடுவுக்கு இறங்கும்னு சாட்டிலைட் சொல்லாது.

யானை வழித்தடமும் இதுவும் ஒண்ணுதானா?

சில எடத்துல ஒண்ணா விழும், ஆனா ஒண்ணில்ல. யானை தலமொறையா ஒரே தடத்துல போவும், அதனால சர்வே நம்பர் வரைக்கும் எழுதிரலாம். புலி அப்படி ஒரே தடத்த நம்பி இருக்காது, பரவலாப் போவும். நீலகிரில சீகூர் யானை வழித்தடத்துல ரிசார்ட்டுகள மூடச் சொன்ன வழக்குல 2020 அக்டோபர்ல சுப்ரீம் கோர்ட்டு ஹைகோர்ட்டு தீர்ப்பச் சரின்னு சொல்லிச்சு, அத வச்சுக்கிட்டு நம்ம ஊர்லயும் நாளைக்கே சீல் வைப்பாங்கன்னு கெளப்பி விடுறாங்க. அது யானை வழித்தடமா அரசு தனியா அறிவிச்ச எடம்.

சிறுத்தை, செந்நாய், கரடிக்கெல்லாம் இதே வழி போதுமா?

புலிக்கு வழி விட்டா எல்லாத்துக்கும் விட்ட மாதிரின்னு சொல்றது பாதிதான் உண்மை. சிறுத்தைக்கு நம்ம தயவே தேவையில்ல, வால்பாறைல தேயிலைக்குள்ள குடித்தனம் பண்ணுது, மும்பைல அபார்ட்மெண்டுக்குப் பின்னாடி நிக்கி. செந்நாய்தான் என்னக் கேட்டா ரொம்பப் பாவம். உலகத்துல அழியிற நெலமைல இருக்குற மிருகம், கூட்டமா வாழும், அதுக்குப் பகல்ல அலையிற பழக்கம் வேற, அதனால ராத்திரி ரோட்ட மூடுனா மட்டும் அதுக்குப் பெருசா லாபமில்ல. அத விட மோசம் தெருநாய். சபரிமலை மண்டல சீசன்ல ரோட்டோரம் கொட்டுற சோத்துக்கு நாய்க சேருது, அதுல இருந்து பார்வோ, டிஸ்டெம்பர் மாதிரி நோவு ஒட்டுனா ஒரு கூட்டமே போயிரும். டிஸ்டெம்பர் 1994ல செரங்கெட்டில சுமார் ஆயிரம் சிங்கத்தக் கொன்னுச்சு, 2018ல நம்ம கிர் காட்டுலயும் அந்த நோவு வந்துச்சு. குப்பையக் கட்டுப்படுத்துறதும் காரிடார் வேலைதான், யாரும் அத அப்படிப் பாக்க மாட்டேங்காங்க.

கரடி கதை தனி. கடையம் பக்கம் கேட்டுப் பாருங்க, ஒரு நாளு பத்தாது.

ரோடுதான் பிரச்சினைன்னா ரோட்ட என்ன பண்ணச் சொல்லுத? மூடச் சொல்லுதியா?

இந்தக் கேள்வியக் கேட்டது லாரி ஓட்டுற எங்க மச்சான், கோவத்தோடதான் கேட்டாரு. நியாயமான கோவம்.

மொதல்ல ஒரு சங்கதி. ரோட்ல மிருகம் அடிபட்டுக் கிடந்தாதான் பிரச்சினைன்னு நெனைக்காங்க. வண்டி கம்மியா ஓடுற ரோட்ல மிருகம் தைரியமா எறங்கும், தாண்டிரும், எப்பவாச்சும் அடிபடும். வண்டி கூடக் கூட அடிபடுறது கூடும். இன்னும் கூடுனா என்னாவும்னா, அடிபடுறது கொறைஞ்சிரும். ஏன்னா ஒண்ணும் ரோட்டுப் பக்கமே வராது. ஓரத்துல வந்து நின்னு, வெளிச்சத்தையும் ஏர் ஹாரனையும் கேட்டுட்டுத் திரும்பிரும். பொணம் விழல, அதனால எல்லாம் நல்லாருக்குன்னு நாம எழுதிக்கிடுவோம். அந்த நெலமைல ரோடு செவுரு மாதிரிதான்.

இப்ப நம்ம மலைப்பாதைல ராத்திரி நின்னு பாருங்க. ஜல்லி, எம்சாண்டு ஏத்துன டாரஸ், காய்கறி வண்டி, வைக்கோல், கோழி, மாடு, எல்லாம் கேரளாவுக்கு ஏறுது, காலியாத் திரும்புது. எஸ் வளைவுல ஒரு வண்டி படுத்துட்டா விடிய விடிய வரிசைதான். ஒரு மழை ராத்திரி அங்க ஒரு மிளா சினையோட அடிபட்டுக் கிடந்துச்சு, ஓரமா இழுத்துப் போட நாங்க நாலு பேரு எறங்குனோம், அந்தப் பத்து நிமிஷத்துல ஒரு வண்டி கூட லைட்ட டிம் பண்ணல. எந்தக் கம்பெனி வண்டின்னு நான் சொல்ல மாட்டேன், எல்லா வண்டியும் அப்படித்தான்.

மத்த எடத்துல என்ன பண்ணிருக்காங்கன்னா, பந்திப்பூர் வழியாப் போற ரோட்ல 2009ல இருந்து ராத்திரி ஒம்போதுல இருந்து காலைல ஆறு வரைக்கும் தடை. திம்பம் மலைப்பாதைல 2022ல ஹைகோர்ட்டு உத்தரவால ராத்திரித் தடை வந்துச்சு, லாரிக்காரங்களும் மலை ஊர்க்காரங்களும் போராட்டம் பண்ணாங்க. நாக்பூருக்கு வடக்க பென்ச் காடு வழியாப் போற 44ஆம் நம்பர் ரோட்ட அகலப்படுத்துனப்ப, மஹாராஷ்ட்ரா பக்கம் மிருகம் அடில போறதுக்குன்னு ஒம்போது பாலம் கட்டுனாங்க, கேமரால பாத்தா புலியே அடில நடந்து போவுது. கனடாவுல பான்ஃப் காட்டுல ரோட்டுக்கு மேல மண்ணு போட்டு மரம் நட்டுப் பாலம் கட்டி, ரெண்டு பக்கமும் வேலி போட்டு, அடிபடுறத எண்பது சதவீதத்துக்கு மேல கொறைச்சிட்டாங்க.

நம்ம ரோட்டுக்கு முழுத் தடை சரிப்படாதுன்னுதான் நான் சொல்லுவேன், ஃபாரஸ்ட்டு நண்பர்கள் சிலருக்கு இது புடிக்காது. தென்காசிக்கும் கொல்லத்துக்கும் இதுதான் வழி, ஆஸ்பத்திரிக்குப் போறவங்க இருக்காங்க, திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்குப் போறவங்க இருக்காங்க. தேவை இடைவெளிதான். லாரிய ரெண்டு செக்போஸ்ட்டுலயும் நிப்பாட்டி, கூட்டம் கூட்டமா ஒண்ணா விட்டா, நடுவுல அரைமணி நேரம் ரோடு இருட்டாக் கிடக்கும். ஒரு புலி ரோடு தாண்ட எவ்ளோ நேரம் ஆவும்? பத்து செகண்டு. எப்படியும் செக்போஸ்ட்டுல நிக்கத்தான செய்யிறாங்க. அதோட வளைவுல கட்டுற தடுப்புச் செவுர தொடர்ச்சியாக் கட்டாம அங்கங்க விட்டுக் கட்டணும், ஓடைக்கு வைக்கிற குழாய்க்குப் பதிலா ஆளு நிமிந்து போற அளவுக்குப் பெட்டிப் பாலமா வைக்கணும். அகலப்படுத்துற வேலை நடக்கும்போதே பண்ணிட்டா செலவு கம்மி, முடிஞ்சப்பறம் ஒடைக்கணும்னா எவன் காசு தருவான்.

ரயில் லைனு இந்த விஷயத்துல பரவால்ல. 1904ல போட்டது, அகலப்பாதையா மாத்தி 2018ல திரும்ப ஓட ஆரம்பிச்சுச்சு. பகவதிபுரம் தாண்டி எல்லையில அது மலைக்குள்ள குகைல போயிருது, மேல மலை அது பாட்டுக்குக் கிடக்கு. கழுதுருட்டிப் பக்கம் பதிமூணு கண் பாலத்துல ரயில் உசரத்துல போவுது. வெள்ளைக்காரன் புலிய நெனச்சுக் கட்டல, செலவையும் சரிவையும் நெனச்சுக் கட்டுனான், ஆனா வழி மிச்சமாச்சு.

காரிடார்னு சொல்லிட்டா நம்ம தோட்டத்தப் புடுங்கிருவாங்களா?

2022 ஜூன்ல சுப்ரீம் கோர்ட்டு சரணாலயத்தச் சுத்தி ஒரு கிலோமீட்டருக்குக் கட்டுப்பாடு வேணும்னு சொன்னதும் கேரளால பெரிய போராட்டமே நடந்துச்சு, 2023 ஏப்ரல்ல கோர்ட்டே அத மாத்திருச்சு. அந்தப் பயம் இன்னும் ஆறல, நம்ம பக்கமும் ஒட்டிக்கிச்சு.

கோர், பஃபர், காரிடார்னு மூணையும் பிரிச்சுப் பாக்கணும். கோர்னா காப்பகத்தோட நடு மையம், அங்கதான் மனுஷ நடமாட்டம் வேண்டாம்னு சட்டம் சொல்லுது, அங்கயும் வன உரிமைய முடிவு பண்ணி, சம்மதம் வாங்காம யாரையும் எழுப்பக் கூடாது. பஃபர்ல ஊரும் இருக்கும் காடும் இருக்கும். காரிடார் மூணாவது, காப்பகத்துக்கு வெளிய ரெண்டையும் இணைக்கிற எடம். காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்துல 2006ல சேத்த 38-ஓ பிரிவு என்ன சொல்லுதுன்னா, இப்படி இணைக்கிற எடத்த காட்டுக்குக் கேடான வேலைக்கு மாத்தக் கூடாது, பொது நன்மைக்கு மாத்தியே ஆவணும்னா தேசிய காட்டுயிர் வாரியத்தோட அனுமதி வேணும், புலிகள் ஆணையத்தோட ஆலோசனை வேணும். இந்தப் பிரிவுல உங்க பட்டா நெலத்துல வாழை வைக்காதன்னு இல்ல. குவாரி, பெரிய ரோடு, பெரிய கட்டடம், அவங்கதான் கவலப்படணும். ரப்பர எடுத்துட்டு ரிசார்ட்டு கட்டி ராத்திரி முழுக்க ஃபோகஸ் லைட்டு போடலாம்னு பிளான் வச்சிருக்குறவரு கோவப்படுவாரு, அவரு சண்டைய நாம ஏன் போடணும்?

அதுக்காக ஜனங்க பயத்த சிரிச்சுத் தள்ளவும் கூடாது. மேப்ப இங்கிலீஷ்ல போட்டு ஆபீஸ்ல பூட்டி வச்சா சந்தேகம் வரத்தான் செய்யும். கிராமசபைல சுவத்துல ஒட்டி, இன்ன சர்வே நம்பர் வருது, இன்னது பண்ணலாம், இன்னது பண்ணக் கூடாதுன்னு தமிழ்லயும் மலையாளத்துலயும் சொன்னா பாதிச் சண்டை அடங்கிரும்.

கூண்டு வச்சுப் புடிச்சு வேற காட்டுல விட்டா முடிஞ்சு போச்சுல்ல?

முடியாது. மஹாராஷ்ட்ரால ஜுன்னர் பக்கம் சிறுத்தைகளப் புடிச்சுப் புடிச்சு வேற எடத்துல விட்டாங்க, விட்ட எடத்துலயும் தாக்குதல் கூடுனதாத்தான் வித்யா ஆத்ரேயா குழு ஆராய்ஞ்சு சொன்னாங்க. 2009ல ஒரு வயசான கடுவன் சிறுத்தைக்கு காலர் மாட்டி மால்ஷேஜ் மலைல விட்டாங்க, அது சுமார் 120 கிலோமீட்டர் நடந்து மும்பைக்கே போயிருச்சு. ஒரு எடத்துல இருந்த ஆளத் தூக்குனா அந்த எடம் காலின்னு தெரிஞ்சு அனுபவமில்லாத இளசு ஒண்ணு வந்து உக்காரும். மனுஷன அடிக்கிற மிருகம்னு உறுதியானா புடிச்சுத்தான் ஆவணும், அதுல எனக்கு மாத்துக் கருத்து இல்ல. சும்மா கண்ணுல பட்டுச்சுன்னு கூண்டு கேட்டு மறியல் பண்றதுதான் வேண்டாம்.

ஆடு மாடு அடிச்சா பொணத்த நகத்தாம, ஃபோட்டோ எடுத்து, உடனே ஃபாரஸ்ட்டுக்கும் மாட்டு டாக்டருக்கும் சொல்லுங்க. மிச்சக் கறில விஷத்தக் கலக்குறது ஜெயிலுக்குப் போற வேலை, அதத் தின்னு நாயும் நரியும் கழுகும் சேந்து சாவும்.

பன்னிக்கு வேலி போடாம எப்படி வெவசாயம் பண்றது?

பண்ண முடியாது, ஒத்துக்கிடுதேன், எங்க வீட்டு மரவள்ளிய பன்னி ஒரே ராத்திரில கிண்டிப் போட்டுட்டு போயிருக்கு. சோலார் வேலி விட்டு விட்டு ஷாக்கு குடுக்கும், கொல்லாது. ஆனா மெயின் லைன்ல இருந்து நேரா கரண்ட இழுத்து கம்பில விடுறது கொல. பன்னிக்கு வச்சதுல சிறுத்தை செத்திருக்கு, தண்ணி பாச்சப் போன மனுஷன் செத்திருக்கான். பைக்கு கிளட்ச் ஒயர்ல கண்ணி வைக்கிறதும் அப்படித்தான், அது ஆளு பாத்து இறுக்காது. தலமொறைக்கு ஒரு கடுவன் வரணும்னு சொன்னேம்லா, அந்த ஒண்ணு நம்ம வயக்காட்டு ஓரத்துல கிளட்ச் ஒயர்ல மாட்டுனா அத்தன பக்க அறிக்கையும் 32 காரிடாரும் எதுக்கு?

ரெண்டு ஸ்டேட்டு ஃபாரஸ்ட்டும் பேசிக்கிடுவாங்களா?

ஆளுக பேசிக்கிடுவாங்க, ஃபைலுதான் பேசாது. செங்கோட்டையே 1956 நவம்பர் ஒண்ணுக்கு முன்னாடி திருவாங்கூர்தான், எங்க தாத்தா ரெண்டு பாஷைலயும் திட்டுவாரு. இப்ப ஒவ்வொரு திட்டத்துலயும் மேப்பு எல்லைக் கோட்டோட நின்னுருது, அந்தப் பக்கம் வெள்ளையா விட்டிருப்பான். புலிக் கணக்குல மட்டும் பரவால்ல. ஒவ்வொரு புலிக்கும் வரி நம்ம கைரேகை மாதிரி தனி, ரெண்டு பக்கக் கேமரா படத்தையும் ஒப்பிட்டுருதாங்க. 2022 கணக்குல நாடு முழுக்க சராசரி 3,682, தமிழ்நாட்டுக்கு 306, கேரளாவுக்கு 213. எல்லையில திரியிறது எந்த ஸ்டேட்டு கணக்குல போச்சுன்னு அதுகிட்ட கேட்டா சொல்லாது. ஆரியங்காவு சாஸ்தாவுக்குக் கல்யாணம்னா பொண்ணு வீட்டுக்காரங்களா மதுரைல இருந்து சௌராஷ்ட்ரா ஆளுக வருஷா வருஷம் எல்லை தாண்டித்தான் போறாங்க, சாமி சம்பந்தத்துக்கே எல்லை இல்லாதப்ப சாமி வாகனத்துக்கு மட்டும் ஏன் வைக்காங்கன்னு எங்க பெரியம்மா கேப்பா.

நீ இந்த ரோட்டத் தாண்டுற புலியப் பாத்திருக்கியா?

இல்ல. கால் தடம் அச்சன்கோவில் பக்கம் பாத்திருக்கேன், ரோட்ல பாத்ததில்ல. எல்லைக்குக் கிட்ட ரோட்டுக்கு அடில ஒரு பழைய கல்லுப் பாலம் இருக்கு, குனிஞ்சு போவலாம், அங்க ஒரு கேமரா கட்டி வச்சோம். வந்ததெல்லாம் சொல்லுதேன். முள்ளம்பன்னி, மரநாய், கீரி, தண்ணியடிச்சிட்டு படுக்க எடம் தேடி வந்த ஒரு ஆளு, அவரு செருப்ப விட்டுட்டுப் போனதுக்கு மறுநா வந்து மோந்து பாத்த ஒரு நரி. பன்னிக் கூட்டம் நெறைய. ஒரு தடவ அதிகாலை மூணு மணி சொச்சத்துக்கு சிறுத்தை ஒண்ணு, தெக்க இருந்து வடக்க போச்சு, மேல லாரி போற அதிர்வுல படம் ஆடிப்போயி வால் ரெண்டா தெரியுது. பாலத்துக்கு அடில குப்பை வேற அடைச்சுக்கிட்டு வருது, மழைக்கு முன்னாடி ரெண்டு பேரு வந்து அள்ளுனா நல்லது. வாற செவ்வாக்கெழம பேட்டரி மாத்தப் போறேன், வரணும்னு நெனைக்கிறவங்க ஒரு சாக்குப் பையும் கையுறையும் எடுத்துட்டு ஆறரை மணிக்கு செக்போஸ்ட்டு டீக்கடைக்கு வந்துருங்க.